பின்பால் மோட்டாருக்கு இரண்டு சொட்டு எண்ணெய்

பழைய பின்பால் மெஷின் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்கெங்கே எண்ணெய் போடணும்?" ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய இயந்திரம். உள்ளே நூற்றுக்கணக்கில் அசையும் பாகங்கள். ஒன்று இழுக்கிறது, ஒன்று முனகுகிறது. எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுப்பது இயல்புதானே? ஆனால் இதற்குச் சரியான பதில் "கிட்டத்தட்ட எங்கேயும் வேண்டாம்" என்பதுதான். அந்தக் "கிட்டத்தட்ட"வுக்குள் முக்கியமாக இருப்பது மோட்டார். மோட்டாருக்கு ஏன் எண்ணெய் வேணும், மற்றவற்றுக்கு ஏன் கூடாது என்பது புரிந்தால் இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதே பாதி புரிந்துவிடும். சிகாகோ பக்கம் ஒரு நண்பரின் பேஸ்மென்ட்டில் இருக்கும் மெஷின்களைத் திறந்து பார்த்தபோதும், அதற்காகப் படித்தபோதும் நான் குறித்து வைத்தவற்றை இங்கே கோவையாக எழுதுகிறேன்.

எந்தக் காலத்து மெஷின் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாய்வான பலகை, மேலே கண்ணாடி, உள்ளே சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, அது கீழே விழாமல் தட்டிவிட இரண்டு ஃபிளிப்பர். மின்சாரத்தில் அடிக்கும் ஃபிளிப்பர் 1947இல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்டி டம்டி' மெஷினில் வந்தது. அதிலிருந்து 1970களின் பிற்பகுதியில் மைக்ரோபிராசசர் வரும்வரை, காட்லீப், வில்லியம்ஸ், பாலி ஆகிய சிகாகோ நிறுவனங்கள் செய்தவை எல்லாம் மின்-இயந்திர வகை. ஆர்வலர்கள் சுருக்கமாக 'ஈ.எம்.' என்பார்கள். இவற்றில் சிப் கிடையாது, நினைவகம் கிடையாது. ரிலே, காயில், சுவிட்ச், கிலோமீட்டர் கணக்கில் ஒயர் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு ஒயர். இவற்றுக்கெல்லாம் தாளம் போட ஒரு மோட்டார்.

மோட்டார்தான் கடிகாரம்

அந்த மோட்டாருக்கு ஸ்கோர் மோட்டார் என்று பெயர். பெயரைப் பார்த்து அது புள்ளிச் சக்கரங்களைச் சுற்றுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சக்கரங்களைத் தள்ளுவது காயில்கள். மோட்டார் செய்வது நேரம் கொடுக்கும் வேலை.

ஒரு உதாரணம். குண்டு ஒரு பத்துப் புள்ளி இலக்கில் படுகிறது. சுவிட்ச் மூடுகிறது, பத்துப் புள்ளி ரிலே ஒருமுறை இழுக்கிறது, சக்கரம் ஒரு எண் நகர்கிறது. இதுக்கு மோட்டார் தேவையில்லை. ஆனால் ஐம்பது புள்ளி இலக்கில் பட்டால்? குண்டு தட்டியது ஒரே தடவை. சக்கரமோ ஐந்து தடவை நகரணும். அந்த ஐந்தை யார் எண்ணுவது? இங்கேதான் மோட்டார் வருகிறது. ஐம்பது புள்ளி ரிலே இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு, மோட்டாரைக் கிளப்பும். மோட்டார் தண்டில் அடுக்கடுக்காக கேம் தட்டுகள் இருக்கும். அவற்றின் விளிம்பில் மேடும் பள்ளமும். ஒவ்வொரு மேடும் பக்கத்தில் இருக்கும் தகடு சுவிட்சைத் தள்ளி மூடும். மோட்டார் ஒரு சுழற்சி முடிப்பதற்குள் டக், டக், டக், டக், டக் என்று ஐந்து துடிப்பு போகும். பிறகு இன்னொரு கேம் ரிலேயை விடுவிக்கும். மோட்டார் தன் ஆரம்ப நிலைக்கு வந்ததும் தானே நின்றுவிடும். இங்கே சுழற்சி என்றால் தண்டின் முழுச் சுற்று அல்ல. மெஷினைப் பொறுத்து அரைச் சுற்றாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ இருக்கும்.

புதிய ஆட்டம் தொடங்க பட்டனை அழுத்தும்போது புள்ளிச் சக்கரங்களைச் சுழியத்துக்குக் கொண்டுவருவதும் இதே மோட்டாரின் துடிப்புகள்தான். அதாவது, கணினியில் கடிகாரத் துடிப்பு என்கிறோமே, அந்த வேலையை இங்கே செய்வது ஒரு தண்டின் சுழற்சி. தண்டு மெதுவாகச் சுற்றினால் மெஷினின் நேரமே மெதுவாகும்.

அதனால் என்ன ஆகும்? இரண்டு விஷயம்.

முதலாவது, புள்ளி போகும். ஐம்பது புள்ளி ரிலே பிடித்துக்கொண்டிருக்கும்போது குண்டு மறுபடியும் ஐம்பது புள்ளி இலக்கில் பட்டால் அந்த இரண்டாவது அடி கணக்கில் ஏறாது. ரிலே ஏற்கெனவே இழுபட்டு நிற்கிறதே! மோட்டார் வேகமாக முடித்தால் இந்த இழப்பு அபூர்வம். மந்தமாகச் சுற்றினால் சகஜம்.

இரண்டாவது, காயில் எரியும். இந்தக் காயில்கள் பல ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் மட்டும் மின்சாரம் தாங்கும்படி சுற்றப்பட்டவை. துடிப்பு சுவிட்ச் மூடியிருக்கும் நிலையில் மோட்டார் பாதியில் நின்றுபோனால், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சில நிமிஷத்தில் காயில் சூடேறி, உள்ளே இருக்கும் நைலான் குழாய் இளகி, வார்னிஷ் கருகும் வாசனை வரும். ஃபியூஸ் சரியாக இருந்தால் தப்பிக்கலாம். பழைய மெஷின்களில் யாரோ எப்போதோ பெரிய ஃபியூஸ் போட்டு வைத்திருப்பதும் நடக்கும்.

ஆக, மோட்டாருக்கு எண்ணெய் போடுவது சத்தத்தைக் குறைக்கும் வேலை மட்டும் இல்லை.

வலு குறைவான மோட்டார்

இந்த மோட்டார்கள் பெரும்பாலும் ஷேடட் போல் வகை. காந்த முனையின் ஒரு ஓரத்தில் ஒரு செம்பு வளையம் மாட்டியிருக்கும். அந்த ஓரத்தில் காந்தப் புலம் சற்றுத் தாமதமாக எழும். புலம் முனையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்வது போல ஆகிவிடும், அந்த நகர்வு ரோட்டாரை இழுத்துச் சுழற்றும். கார்பன் பிரஷ் இல்லை, கெப்பாசிட்டர் இல்லை. மலிவு, எளிமை, கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு குறை. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகப் போகும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது வலு ரொம்பக் குறைவு. அதனால்தான் ரோட்டாரை வேகமாகச் சுற்றவிட்டு, ஒரு கியர்பெட்டி வழியாக வேகத்தைக் குறைத்து கேம் தண்டுக்குக் கொடுக்கிறார்கள்.

இதையும் உராய்வு பற்றிய ஒரு பழைய உண்மையையும் சேர்த்துப் பாருங்கள். 1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். தண்டு சுற்றியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தால், பேரிங் தாங்கிய சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே முள் போனது. சுற்றும் தண்டு எண்ணெயைத் தானே இழுத்து ஆப்பு போலச் செருகி, அதன்மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். 1902இல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்டிரிபெக் வேகத்தோடு உராய்வு எப்படி மாறுகிறது என்பதை வரைபடமாகவே காட்டினார்.

சுருக்கம் இதுதான்: மிதப்பதற்கு வேகம் வேணும். நின்றுகொண்டிருக்கும் தண்டு மிதக்காது, உலோகத்தின்மேல் உலோகமாகக் கிடக்கும். கிளம்பும் அந்த நொடியில்தான் உராய்வு அதிகம். ஷேடட் போல் மோட்டாருக்கு வலு குறைவாக இருப்பதும் அதே நொடியில்தான்! ஸ்கோர் மோட்டாரோ மின்விசிறி போல ஒருமுறை கிளம்பி மணிக்கணக்கில் ஓடுவதில்லை. ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்பக் கிளம்பி, அரை நொடி ஒரு நொடி சுற்றி, நிற்கும். அதன் வாழ்க்கையே கிளம்புவதில்தான் போகிறது. பேரிங்கில் எண்ணெய் சரியில்லை என்றால் பல மோட்டார்கள் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

பிசுக்கு எப்படி வருகிறது

ரோட்டார் தண்டு சுற்றுவது பெரும்பாலும் சிறிய வெண்கல புஷ்களில். டேபிள் ஃபேனைக் கழற்றியவர்களுக்கு இது பழக்கமான பொருள். உருக்கி வார்த்த வெண்கலம் இல்லை, தூளை அழுத்திச் சுட்டது. உள்ளே பஞ்சு மாதிரி நுண்துளைகள். கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை வெறும் துளைதான், அதில் எண்ணெய் ஊறியிருக்கும். தண்டு சுற்றிச் சூடாகும்போது எண்ணெய் கசிந்து வரும், நின்று ஆறும்போது துளைக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்படும். பல மோட்டார்களில் புஷ்ஷைச் சுற்றி ஒரு ஃபெல்ட் வளையமும் இருக்கும். அது கூடுதல் எண்ணெய்க் கிடங்கு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணெய்க்கும் வயசாகும். சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியைத் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டும் அந்த மஞ்சள் பிசுக்கு ஒரு காலத்தில் நல்ல எண்ணெயாக இருந்ததுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கடைசியில் பசையாகிவிட்டது. சமையல் எண்ணெயில் இது சீக்கிரம் நடக்கும், கனிம எண்ணெயில் மெதுவாக நடக்கும். அறுபது வருஷம் கொடுத்தால் அதுவும் நடக்கும். சூடு இதை வேகப்படுத்தும். பத்து டிகிரி கூடினால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது எண்ணெய்த் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. செம்பும் வேகப்படுத்தும். வெண்கல புஷ்ஷில் பெரும்பகுதி செம்புதான். ஆக, எண்ணெயைப் பத்திரமாக வைத்திருக்கும் பாத்திரமே அதைக் கெடுக்கவும் செய்கிறது.

கியர்பெட்டியில் இருப்பது கிரீஸ். கிரீஸ் என்பது சோப்பு போன்ற ஒரு கெட்டிப் பொருளுக்குள் எண்ணெய் பிடித்து வைக்கப்பட்ட கலவை. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் எண்ணெய் பிரிந்தும் கெட்டியாகியும் போய்விடும், கெட்டிப் பொருள் மிஞ்சும். நான் பார்த்த ஒரு கியர்பெட்டியில் அது பழைய மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது. மரக்குச்சியால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. பல்லுக்கு நடுவே மட்டும் ஒரு பாதை, மற்ற இடமெல்லாம் கல். அதில் உயவு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

இந்த மெஷின்களைச் செய்தவர்கள் அவை மதுக்கடையிலும் விளையாட்டுக் கூடத்திலும் சில வருஷம் காசு சம்பாதித்தால் போதும் என்ற கணக்கில் செய்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே கிரீஸ் உள்ளே இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

செய்முறை

முதலில், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ஆட்டம் முடிந்துவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது என்பதெல்லாம் போதாது. காயில்களுக்குப் போவது மெஷினைப் பொறுத்து சுமார் 24 முதல் 50 வோல்ட், ஆனால் பெட்டியின் அடியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவது முழு வீட்டு மின்சாரம்.

நோயைக் கண்டுபிடிப்பது எளிது. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பேரிங்கோ கியரோ பிடித்திருக்கிறது. முதல் சில நிமிஷம் இழுத்து, சூடானபின் வேகம் பிடித்தால் பழைய எண்ணெய் பசையாகியிருக்கிறது. சூட்டில் இளகுகிறது, அவ்வளவுதான். உறுமலே இல்லை என்றால் அது எண்ணெய்ப் பிரச்சினையே இல்லை. ஃபியூஸ், ஒயர், சுவிட்சைப் பாருங்கள்.

அடுத்தது சுத்தம். இதைத் தவிர்க்க முடியாது. பிசுக்கின்மேல் புது எண்ணெய் விட்டால் சில நாளைக்குச் சுகமாக ஓடும். புது எண்ணெய் பழைய பசையைக் கொஞ்சம் இளக்கும், இரண்டும் கலந்து மறுபடி இறுகும். மோட்டாரைக் கழற்றும் முன் ஒயர்களையும் கேம் நிலையையும் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியர்பெட்டி மூடி திருகுகளால்தான் மாட்டியிருக்கும் என்றால் திறக்கலாம். பழைய கிரீஸை மரக்குச்சியால் வழித்துவிட்டு, மண்ணெண்ணெய் அல்லது மினரல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல். ஒவ்வொரு பல்சக்கரமும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, நடுவே வாஷர் இருந்ததா என்பதைக் குறித்து வையுங்கள். காயில் சுற்றின்மேல் கரைப்பான் படக் கூடாது. பழைய வார்னிஷ் தாங்காமல் போகலாம்.

வெண்கல புஷ்ஷைக் கரைப்பானில் ஊறப்போட்டால் பிசுக்கோடு உள்ளே ஊறிய எண்ணெயும் போய்விடும். அப்படிச் செய்தால், காயவைத்தபின் வெதுவெதுப்பான எண்ணெயில் மறுபடி ஊறப்போட்டே ஆகணும். இல்லையென்றால் அந்த புஷ் உலர்ந்த பஞ்சு. வெளியே போட்ட எண்ணெயையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு தண்டுக்கு ஒன்றும் விடாது.

எண்ணெய் எது? மின்மோட்டாருக்கென்று விற்கும் எஸ்.ஏ.இ. 20 எண் எண்ணெய் பொருத்தம். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒன்று அல்லது இரண்டு சொட்டு, ஃபெல்ட் இருந்தால் அது ஈரமாகும் அளவு. கார் என்ஜின் எண்ணெய் வேண்டாம். அதில் அழுக்கை மிதக்கவிடும் பொருட்கள் கலந்திருக்கும். காரில் வடிகட்டி இருக்கிறது, அழுக்கு அங்கே போய்ச் சேரும். இங்கே வடிகட்டி கிடையாது. தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் எல்லாம் பேச்சே இல்லை. அலமாரிப் பிசுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கியருக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத செயற்கை கிரீஸ், பல்லில் பூசும் அளவு போதும். பெட்டி நிறைய அடைத்தால் அதைக் கிண்டுவதற்கே மோட்டாரின் வலு போய்விடும்.

பிறகு கையால் சுற்றிப் பார்த்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். துடைப்பதும் வேலையில் ஒரு பகுதிதான். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

எங்கே கூடாது

மோட்டாரிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில் கேம்கள், அதற்கடுத்து தகடு சுவிட்சுகள். அதிகமாக விட்ட எண்ணெய் தண்டு வழியே ஊர்ந்து அங்கே போகும். சுவிட்ச் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முனையில் ஒரு சின்னப் பொறி. அந்தப் பொறி எண்ணெய்ப் படலத்தைக் கருக்கும். கருகியது கரியாகப் படியும். கரி படிந்த முனை சில நேரம் மின்சாரத்தை விடும், சில நேரம் விடாது. "அஞ்சு தடவைக்கு நாலு தடவைதான் ஏறுது" என்கிற வகைக் கோளாறு இப்படித்தான் வரும். தேடிக் கண்டுபிடிக்க இதைவிட எரிச்சலான கோளாறு இல்லை.

காயிலுக்குள் போய்வரும் இரும்புத் தண்டுக்கும் எண்ணெய் கூடாது. அது நைலான் குழாய்க்குள் உலர்ந்த நிலையில் வழுக்கும்படி அமைத்தது. எண்ணெய் விட்டால் உலோகத் தூளும் தூசியும் சேர்ந்து அரைக்கும் பசையாகும். குழாய் தேய்ந்திருந்தால் புதுக் குழாய் போடுங்கள், விலை குறைவுதான். ரிலேக்களுக்கும் அப்படியே, ஒரு சொட்டும் வேண்டாம். ஸ்டெப்பர் எனப்படும் எண்ணும் பாகத்தில் பித்தளை விரல்கள் ரிவெட்டுகளின்மேல் உரசி நகரும். நன்றாகச் சுத்தம் செய்தபின், கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய பூச்சு போதும். இதைத்தான் மோட்டாரைத் தவிர்த்த இன்னொரு விதிவிலக்கு என்று சொல்லலாம்.

டபிள்யூ.டி.-40 பற்றித் தனியாகச் சொல்லணும். 1953இல் சான் டியேகோவில் பிறந்த அந்தப் பொருளின் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: ஈரத்தை அகற்றுவது, நாற்பதாவது கலவை. பெரும்பகுதி கரைப்பான், கொஞ்சம் எண்ணெய். அடித்தவுடன் இருக்கிற கிரீஸைக் கழுவிவிடும், கரைப்பான் ஆவியாகும், மெல்லிய படலம் ஒன்று மிஞ்சும். இரும்புத் துருவுக்கு அது நல்ல மருந்தாக இருக்கலாம். சுவிட்சுகள் பொறி பறக்கும் மரப்பெட்டிக்குள் எளிதில் தீப்பிடிக்கும் ஆவியைத் தெளிப்பது எப்படி நல்ல யோசனையாகும்?

இதில் நியாயம் எங்கே வருகிறது

நியூயார்க் நகரில் 1940களின் தொடக்கத்திலிருந்து 1976வரை பின்பாலுக்குத் தடை இருந்தது. அது அதிர்ஷ்ட விளையாட்டு, ஆகவே சூதாட்டம் என்பது வாதம். 1976இல் நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் மெஷினில் ஆடிக் காட்டினார். குண்டு எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அதே பாதையில் அனுப்பினார். தடை நீங்கியது. அன்று அவர் ஆடியது ஈ.எம். மெஷினில்தான்.

இதைப் படித்தபிறகு எனக்கு மோட்டார் எண்ணெய் வேறு மாதிரித் தெரிந்தது. "இது திறமைக்கான விளையாட்டு" என்று சொல்ல, ஆட்டக்காரர் குறிபார்த்து அடிப்பது மட்டும் போதாது. அடித்ததை மெஷின் ஒழுங்காக எண்ணணும். நன்றாக ஆடுபவர்தான் ஒரே இலக்கை அடுத்தடுத்து அடிப்பார். மந்தமான மோட்டார் முழுங்குவதும் அந்த அடுத்தடுத்த அடிகளைத்தான். அதாவது, காய்ந்துபோன புஷ் எல்லாரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. தடுமாறி ஆடுபவரை விட்டுவிட்டு, நன்றாக ஆடுபவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அது தோற்றவருக்குத் தெரியாது, ஜெயித்தவருக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் மூடியை மாட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். புது ஆட்டம் தொடங்கி, ஐம்பது புள்ளி இலக்கை விரலால் ஒருமுறை தட்டுங்கள். ஐந்து 'டக்'குகளும் ஒரே இடைவெளியில் வருகிறதா என்று கேளுங்கள். முதல் துடிப்புக்கு முன் தயக்கம் இருந்தால் பேரிங்கை இன்னொருமுறை பாருங்கள். நடுவில் ஒன்று விழுந்துபோனால் எண்ணெய்ப் புட்டியைத் தொடாதீர்கள். சுவிட்ச் முனையைச் சுத்தம் செய்யுங்கள். ஐந்தும் சீராக வந்தால் மூடியை மாட்டிவிடலாம்.